மீன் ஓகே... தண்ணி எங்க பாஸ்?

ராத்திரி பதினொரு மணி. மறுநாள் செமஸ்டர் எக்ஸாம். புரட்டாத பக்கம் இன்னும் அறுபது இருக்கு. அந்த நேரம் பார்த்து உங்க வீட்டு ஆண் பூனை பாத்ரூம் மூலைக்குப் போய் குந்துது. எழுந்திருக்குது. நாலடி நடந்து மறுபடி குந்துது. 'ம்ம்ம்யாவ்' என்று ஒரு குரல். வழக்கமாகச் சோறு கேட்கிற குரல் இல்லை அது. தரையில் பார்த்தால் ஈரமே இல்லை, அல்லது ரெண்டு சொட்டு. கொஞ்சம் சிவப்பாகக்கூட இருக்கலாம்.

நீங்க என்ன பண்ணுவீங்க?

"காலைல பாத்துக்கலாம்"னு படுத்துட்டீங்கன்னா, சாரி பாஸ், காலையில் பார்க்க பூனை இல்லாமலே போகலாம்.

பயமுறுத்துறேன்னு நினைக்காதீங்க. இது எங்க வீட்டிலேயே நடந்தது. எங்க கடுவன் பேரு கேப்டன். ராயபுரத்துச் சந்து வீடு. ஒரு மே மாசம் ராத்திரி இதே மாதிரி குந்திக் குந்தி எழுந்தான். ஆயா பார்த்துட்டு, "வவுத்துல கட்டிக்கிச்சுடா, வெளக்கெண்ண குடு"ன்னாங்க. கொடுத்தோம். பக்கத்து வீட்டக்கா வாழைத்தண்டு ஜூஸ் கொண்டு வந்தாங்க. அதையும் சிரிஞ்சில் ஏத்தினோம். எல்லாம் பாசம்தான். ஆனா அன்னிக்கு ராத்திரி நாங்க பண்ணினது அத்தனையும் தப்பு. விடியற்காலை வாந்தி எடுத்துட்டுச் சுருண்டு கிடந்தவனைப் பையில் போட்டு ஆட்டோ பிடிச்சோம். டாக்டர் வயித்தைத் தொட்டுப் பார்த்துட்டு, "மூத்திரப்பை எலுமிச்சம்பழம் மாதிரி கல்லா இருக்கு. எத்தனை மணி நேரமாச்சு?"ன்னு கேட்டார். எங்க யாருக்கும் பதில் தெரியலை.

கதீட்டர் போட்டு, ரெண்டு நாள் டிரிப் ஏத்தி, பிழைச்சுக்கிட்டான். மூணாவது நாள் டாக்டர் கேட்ட கேள்விதான் இந்தக் கட்டுரையின் மேட்டரே. "என்ன சாப்பாடு போடுறீங்க? வெயிட் எவ்வளவுன்னு தெரியுமா?"

வெயிட் 6 கிலோ 400. இருக்க வேண்டியது 5 கிலோ. "ஒண்ணரை கிலோகூட இல்லையே"ன்னு அலட்சியமாகச் சொன்னேன். "நீங்க அறுபது கிலோ இருக்கீங்கன்னு வெச்சுப்போம். திடீர்னு எழுபத்தேழு ஆனா ஒத்துப்பீங்களா?"ன்னார். கணக்கு அதேதான்!

பாலைவனத்துப் பார்ட்டி

நம்ம வீட்டுப் பூனையின் முன்னோர் ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை. வட ஆப்பிரிக்கா, மத்திய கிழக்குப் பக்கத்து வறண்ட நிலத்து ஆள். அங்கே குளமும் இல்லை, குழாயும் இல்லை. அதனால அதன் கிட்னி தண்ணியைக் கடைசிச் சொட்டு வரைக்கும் பிழிந்து மிச்சப்படுத்தும். சிறுநீர் ரொம்ப கெட்டியா, அடர்த்தியா வரும். தாகமும் மந்தமாகத்தான் எடுக்கும். தண்ணி எங்கிருந்து கிடைச்சது? எலியிலிருந்து! எலி உடம்பில் பத்தில் ஏழு பங்கு தண்ணிதான். சாப்பாட்டையே குடிச்சு வாழ்ந்த ஜென்மம் அது.

இப்போ கணக்கு போடுங்க. 4 கிலோ பூனைக்கு ஒரு நாளைக்குச் சாப்பாட்டில் இருக்கிறதையும் சேர்த்துச் சுமார் 200 மில்லி தண்ணி வேணும். பாக்கெட்டில் வருகிற மொறுமொறு ட்ரை ஃபுட்டில் தண்ணி பத்து சதவீதத்துக்குள்தான். 50 கிராம் தின்னா கிடைக்கிறது 5 மில்லி. ஒரு ஸ்பூன்! மீதி முழுக்க அதுவே கிண்ணத்தில் நக்கிக் குடிக்கணும். ட்ரை ஃபுட் தின்கிற பூனை கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும், உண்மைதான். ஆனா பற்றாக்குறையை முழுசா ஈடுகட்டாது. பவுச்சில் வருகிற ஈரத் தீனியிலோ, வேகவைத்த மீனிலோ நூற்றுக்கு எழுபத்தைந்து, எண்பது பங்கு தண்ணி இருக்கு. பூனைக்குத் தெரியாமலே தண்ணி உள்ளே போயிடும்.

சிறுநீர் அடர்த்தியா இருந்தா என்ன? அதில் கரைஞ்சிருக்கிற உப்புகள் மணல் மாதிரி படியும், சில சமயம் கல்லாகும். ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் நுனியில் ரொம்பக் குறுகல். கொஞ்சம் மணலும், வீங்கின பையிலிருந்து வரும் சளி மாதிரி ஒரு கசடும் சேர்ந்தா போதும்... கார்க் போட்ட மாதிரி அடைச்சுக்கும். பெண் பூனைக்கும் எரிச்சல், ரத்தம் எல்லாம் வரும். ஆனா முழு அடைப்பு அபூர்வம்.

அடைச்ச பிறகு உள்ளே நடப்பதுதான் டேஞ்சர். வெளியே போக வேண்டிய கழிவெல்லாம் ரத்தத்திலேயே தேங்கும். முக்கியமா பொட்டாசியம். அது ஏற ஏற இதயத் துடிப்பு தாறுமாறாகும். ஒண்ணு, ரெண்டு நாளில் ஆள் காலி. வாழைத்தண்டு ஜூஸ் ஏன் தப்புன்னு இப்போ புரியுதா? அடைச்ச பைப்புக்கு மோட்டார் போட்டா என்ன ஆகும்? அதேதான் நாங்க கேப்டனுக்குப் பண்ணினது.

இன்னொண்ணு, வலியில் கத்துதேன்னு வீட்டில் இருக்கிற பாராசிட்டமால் மாத்திரையைப் பாதி உடைச்சுக் கொடுக்காதீங்க. பூனையின் கல்லீரலால் அதைக் கையாள முடியாது. ஒரே ஒரு மாத்திரை கொன்னுடும். நிஜமா.

மலச்சிக்கலா, மூத்திர அடைப்பான்னு குழம்புறது சகஜம். ரெண்டுக்கும் குந்துற போஸ் ஒண்ணுதான். சந்தேகம் வந்தா அடைப்புன்னே வெச்சுக்கிட்டு ஓடுங்க. அடிக்கடி குந்துறது, சொட்டு சொட்டா வர்றது, அந்த இடத்தையே நக்கிக்கிட்டு இருக்கிறது, வழக்கமான இடத்தை விட்டு பாத்ரூம் தரை, அழுக்குத் துணி, சிங்க் என்று கண்ட இடத்தில் போறது... இதெல்லாம் அது நமக்கு அனுப்புற எஸ்.எம்.எஸ். 'திமிரு பிடிச்சுப் போச்சு'ன்னு துடைப்பத்தை எடுக்கிறவங்கதான் ஜாஸ்தி. பாவம்.

நம்ம ஏரியா மெனு

வட சென்னைப் பூனைக்கு என்ன குறை? காசிமேடு ஹார்பர் பக்கத்தில். தலை, குடல், செவுள்னு தினம் விருந்து. 'மீன் தின்னா பூனைக்கு ஒண்ணும் ஆகாது'ன்னு நம்ம எல்லாருக்கும் ஒரு நம்பிக்கை. பாதி சரி. பாதி?

மொதல்ல, பச்சை மீன். மத்தி, நெத்திலி வகைகள் பலவற்றில் தயாமினேஸ்னு ஒரு என்சைம் இருக்கு. பி1 வைட்டமினை அது தின்னு தீர்த்துடும். தினம் பச்சையா அதையே போட்டா, வாரக்கணக்கில் பூனைக்குத் தள்ளாட்டம், தலை தொங்குறது, வலிப்பு வரை போகலாம். வேகவைச்சா அந்த என்சைம் செத்துடும். சிம்பிள். ரெண்டாவது, எண்ணெய்ச் சத்துள்ள மீனே முழுநேரச் சாப்பாடானா வைட்டமின் ஈ பற்றாக்குறை வந்து, தோலுக்கடியில் இருக்கிற கொழுப்பு வீங்கி வலிக்கும். தொட்டாலே கத்தும்.

அப்புறம் குழம்பு மீன். காரம், புளி, உப்பு எல்லாம் போகட்டும். வெங்காயமும் பூண்டும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். ரத்தசோகை வரும். அதனால மீனைக் குழம்பில் போடுறதுக்கு முன்னாடியே பூனை பங்கைத் தனியா எடுத்துடணும். மீன்குழம்புச் சோறு பிசைஞ்சு வைக்கிற அம்மாக்களிடம் இதைச் சொல்ல தைரியம் வேணும்தான். சொல்லுங்க.

தயிர்சாதம், பால்சாதம் போட்டு 'எங்க பூனை சுத்த சைவம்'னு பெருமைப்படுற வீடும் இருக்கு. பூனை கட்டாய மாமிசப் பட்சிணி. டாரின் என்கிற ஒரு சத்து அதுக்கு மாமிசத்திலிருந்து வந்தே ஆகணும். அது குறைஞ்சா இதயத் தசை தொளதொளத்துப் பூனை செத்துடும்னு 1987இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் கம்பெனிகள் பாக்கெட் தீனியில் டாரினைக் கூட்டினாங்க. பாலோ, வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குச் செரிக்காது. பேதியானா உடம்புத் தண்ணி இன்னும் குறையும்.

இந்த டாரின் தண்ணியில் கரையும். மீன், கோழி வேகவைக்கும்போது பாத்திரத்துத் தண்ணிக்குள் இறங்கிடும். நாமோ தண்ணியை வடிச்சுக் கொட்டிட்டு சதையை மட்டும் வைக்கிறோம்! உப்பு போடாம வேகவைச்சு, அந்தத் தண்ணியோடவே ஆறவைச்சுக் கொடுத்தா சத்தும் ஆச்சு, தண்ணியும் ஆச்சு. வாசனைக்கே சர் சர்னு நக்கும்.

இப்போ தடைக்காலத்துக்கு வருவோம். வருஷா வருஷம் ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை நம்ம கிழக்குக் கடலில் விசைப்படகுகள் போகக்கூடாது. முன்னே 45 நாளா இருந்தது, 2017லிருந்து 61 நாள். மீன் இனப்பெருக்கத்துக்காக. நல்ல விஷயம். ஆனா மீன் வரத்து குறையும், விலை ஏறும், வீட்டில் மீன் வாங்குறது குறையும். நம்ம கேப்டனுக்கு என்ன மெனு மாறும்? கருவாடு. இல்லைன்னா பாக்கெட் தீனி மட்டும். ரெண்டுமே வறண்ட சரக்கு. அதுவும் எப்போ? அக்னி நட்சத்திர வெயிலில்! ஈரமான மீன் தின்னு அதிலேயே தண்ணி குடிச்சுப் பழகின பூனை, திடீர்னு வருஷத்தின் சூடான ரெண்டு மாசத்தில் வறண்ட தீனிக்கு மாறுது. கிண்ணத்துத் தண்ணியை யாரும் கூட்டி வைக்கிறதில்லை. கேப்டனுக்கு அடைச்சது மே மாசம்னு சொன்னேன் இல்லையா? எங்க வீட்டில் அந்த மாசம் அவனுக்கு வெச்சது நெத்திலிக் கருவாடும் ட்ரை ஃபுட்டும்தான். அதுதான் ஒரே காரணம்னு டாக்டர் சொல்லலை. குண்டு, ஆண், ஆபரேஷன் பண்ணினது, வீட்டுக்குள்ளேயே கிடக்கிறது... எல்லாம் சேர்ந்து கூட்டணி அமைச்சதுன்னார்.

கருவாடு போட்டே ஆகணும்னு அடம் பிடிச்சா, ரெண்டு மூணு தரம் ஊறவைச்சுத் தண்ணியை மாத்தி, உப்பை எடுத்து, வேகவைச்சு, ஒரு துண்டு. அவ்வளவுதான். அதுவும் ருசிக்கு மட்டும்.

எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் இருக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோட எண்ணெய்க் கழிவு கொசஸ்தலை ஆற்றில் படர்ந்தது ஞாபகம் இருக்கும். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டினதும் அங்கேதான். எண்ணெய் வாடை அடிக்கிற மீனைப் 'பூனைக்குத்தானே'ன்னு தூக்கிப் போடாதீங்க. நாம தின்னக் கூடாததை அதுவும் தின்னக் கூடாது.

'யூரினரி' பாக்கெட் வாங்கலாமா?

கடையில் 'யூரினரி கேர்'னு எழுதின பாக்கெட்டைப் பார்த்ததும் வாங்கத் தோணும். ஒரு பழைய கதை கேளுங்க. 1970, 80களில் அமெரிக்காவில் பூனைக் கல்லுக்கெல்லாம் காரணம் தீனியில் இருக்கும் மெக்னீசியம்தான்னு முடிவு கட்டினாங்க. அந்தக் காலத்துக் கல் பெரும்பாலும் ஸ்ட்ரூவைட் வகை. சிறுநீர் காரத்தன்மையில் இருந்தா உருவாகிறது. உடனே மெக்னீசியத்தைக் குறைச்சு, சிறுநீரை அமிலமாக்குகிற மாதிரி தீனியை மாத்தினாங்க. ஸ்ட்ரூவைட் குறைஞ்சது. அப்பாடான்னு உட்கார்ந்தா, 1990களில் கால்சியம் ஆக்சலேட்னு வேற வகைக் கல் குபுகுபுன்னு கூடிப்போச்சு! ஒண்ணைத் துரத்தினா இன்னொண்ணு.

வித்தியாசம் என்னன்னா, ஸ்ட்ரூவைட் கல்லை டாக்டர் எழுதித் தருகிற ஸ்பெஷல் தீனி சில வாரத்தில் கரைச்சுடும். ஆக்சலேட் கல் எந்தத் தீனிக்கும் கரையாது. எடுக்கத்தான் வேணும். ஆக, எந்தக் கல்லுன்னு தெரியாம பாக்கெட் வாங்குறது, கேள்வித்தாள் பார்க்காமலே பதில் எழுதுற மாதிரி. யூரின் டெஸ்ட், எக்ஸ்ரே அல்லது ஸ்கேன், அப்புறம்தான் பாக்கெட்.

அதைவிட ஷாக் என்ன தெரியுமா? இப்படிக் கஷ்டப்படுற பூனைகளில் பாதிக்கு மேல் கல்லும் கிடையாது, கிருமியும் கிடையாது. இளம் பூனைக்குக் கிருமித் தொற்று ரொம்பக் குறைவு. அதனால மெடிக்கலில் கேட்டு ஆன்டிபயாடிக் வாங்கிப் போடுறது வேஸ்ட். பின்னே என்ன? சிறுநீர்ப்பை தானாகவே புண்ணாகி வீங்குது. காரணம் முழுசாப் பிடிபடாததால டாக்டர்கள் வெச்ச பேரே 'காரணம் தெரியாத சிறுநீர்ப்பை அழற்சி'. ஆனா அதைத் தூண்டுறது எதுன்னு நல்லாத் தெரியும். டென்ஷன்! ஆமா, நமக்கு எக்ஸாம் டைமில் வயித்தைக் கலக்குற மாதிரி. வீடு மாத்துறது, புதுசா வந்த இன்னொரு பூனை, தீபாவளி வெடி, விருந்தாளி, திடீர்னு மாறின சாப்பாடு. ராத்திரி பூரா கண்டெய்னர் லாரி ஓடுற எண்ணூர் ஹை ரோட்டு வீட்டுக்காரங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அதுக்குன்னு ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப்பெட்டி, ஏறி உட்கார பீரோ மேலே ஒரு இடம். காசே செலவில்லாத வைத்தியம் இது.

சாப்பாட்டு ஈரத்துக்கும் இதில் பங்கு உண்டு. 1999இல் வெளிவந்த ஒரு ஆய்வில் இந்த நோய் வந்து தேறின பூனைகளை ஒரு வருஷம் கவனிச்சாங்க. ட்ரை ஃபுட் தின்னதில் 39 சதவீதத்துக்கு மறுபடி வந்தது. அதே மாதிரித் தீனியை ஈரமாத் தின்னதில் 11 சதவீதம்தான். ட்ரை ஃபுட் விஷம்னு நான் சொல்ல வரலை. சத்து எல்லாம் அளவா சேர்த்துத்தான் பண்றாங்க. வெறும் மீனும் சோறும் போடுறதைவிட அது எவ்வளவோ மேல். அதில் இல்லாதது தண்ணி. அதை நாம ஊத்திட்டா போச்சு.

பவுச் மட்டுமே போடுறது பாக்கெட் மணிக்குக் கட்டுப்படியாகாது, எனக்குத் தெரியும். அதனால எங்க வீட்டு ஃபார்முலா இது: ட்ரை ஃபுட்டை அளந்து, அது முங்குற அளவுக்கு வெதுவெதுப்பான தண்ணி ஊத்தி, பத்து நிமிஷம் ஊறவிட்டு, மேலே உப்பில்லாம வேகவைச்ச மீன் ஒரு ஸ்பூன், அந்த மீன் தண்ணி கொஞ்சம். மொதல் நாள் கேப்டன் மோந்து பார்த்துட்டு என்னை ஒரு பார்வை பார்த்தான் பாருங்க... கேன்டீன் சாம்பாரைப் பார்த்து நாம பார்ப்போமே, அதே பார்வை! அதனால நாள் ஒண்ணுக்கு ஒரு ஸ்பூன் தண்ணின்னு ஆரம்பிச்சு ரெண்டு வாரத்தில் கொண்டு வரணும். நம்ம வெயிலுக்கு ஊறின தீனி சீக்கிரம் கெட்டுடும். ஒரு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துடுங்க.

குடிக்கிற தண்ணியைத் தீனி கிண்ணத்துப் பக்கத்தில் வைக்காதீங்க. பல பூனைக்குப் பிடிக்காது. மீசை இடிக்காத அகலமான கிண்ணம், வீட்டில் ரெண்டு மூணு இடத்தில், தினம் கழுவி மாத்தினது. நாங்க வாசல்கிட்ட ஒரு பழைய எவர்சில்வர் தாம்பாளத்தில் ஊத்தி வைக்கிறோம். அங்கேதான் ரொம்பக் குடிக்கிறான். போர் தண்ணி உப்பா இருக்கேன்னு கேட்பீங்க. கடல்நீர் நிலத்தடியில் புகுந்த ஏரியா நம்மது. 2010இல் காட்டுப்பள்ளியில் கடல்நீரைக் குடிநீராக்குற ஆலையும் வந்தது. உப்புத் தண்ணியால நேரடியா கல் வருதோ இல்லையோ, ருசி பிடிக்காம பூனை குறைவாக் குடிக்கும். நீங்க குடிக்கிற தண்ணியையே அதுக்கும் வைங்க.

குண்டு... அழகா, ஆபத்தா?

'கொழுகொழுன்னு எவ்ளோ க்யூட்!' ஃபோட்டோவுக்கு ஓகே. குண்டுப் பூனைக்குச் சர்க்கரை நோய், மூட்டு வலி, கூடவே இந்தச் சிறுநீர்ப் பிரச்னை எல்லாமே அதிகம். கருத்தடை ஆபரேஷன் பண்ணினதும் பூனையின் கலோரித் தேவை கணிசமாக் குறையும், பசி கூடும். ஆபரேஷன் தப்புன்னு அர்த்தமில்லை. கண்டிப்பாப் பண்ணணும். பண்ணின அன்னியிலிருந்து அளவைக் குறைக்கணும், அவ்வளவுதான்.

உங்க பூனை குண்டான்னு தராசு இல்லாமலே பார்க்கலாம். முஷ்டி மடக்குங்க. முட்டி எலும்பைத் தடவிப் பாருங்க. விலா எலும்பு அப்படி இருந்தா ரொம்ப ஒல்லி. கையை விரிச்சுப் புறங்கையைத் தடவுங்க. அப்படி இருந்தா சூப்பர். உள்ளங்கைப் பக்கம் மாதிரி மெத்துனு எலும்பே தட்டுப்படலைன்னா... குண்டுதான் பாஸ், ஒத்துக்கோங்க. மேலேயிருந்து பார்த்தா இடுப்பு தெரியணும்.

4 கிலோ வீட்டுப் பூனைக்கு நாள் ஒண்ணுக்கு 200லிருந்து 240 கலோரி போதும். ட்ரை ஃபுட்டில் பெரும்பாலும் 100 கிராமுக்கு 350லிருந்து 400 கலோரி. அப்போ 55, 60 கிராம்தான் முழு நாள் சாப்பாடே! நாங்க டம்ளர் நிறையக் கொட்டி, தீர்ந்தா மறுபடி கொட்டிக்கிட்டு இருந்தோம். சின்ன குளுக்கோஸ் பிஸ்கட் ஒண்ணு சுமார் 20 கலோரி. பூனைக்கு அது, நமக்கு மூணு நாலு இட்லிக்குச் சமம். 'ஒண்ணே ஒண்ணுதானே'ன்னு அப்பா ஒண்ணு, ஆயா ஒண்ணு, தம்பி ஒண்ணு.

அண்ணாச்சி கடையில் ஒரு தடவை 50 கிராம் எடை போட்டு வாங்கி, ஒரு கப்பில் கொட்டி, மார்க்கரில் கோடு போட்டுட்டோம். காலையில் அந்த நாளுக்கான பங்கை ஒரு டப்பாவில் எடுத்து வெச்சிடணும். யார் போட்டாலும் அதிலிருந்துதான் போடணும். டப்பா காலியா? ஹோட்டல் மூடியாச்சு! நாலைஞ்சு தடவையாப் பிரிச்சுப் போட்டா அதுக்கும் ஏமாத்தின ஃபீலிங் வராது. சாயங்காலம் கயித்தில் தாள் கட்டிப் பத்து நிமிஷம் ஓடவிடுங்க.

இங்கே ஒரு எச்சரிக்கை. டயட்னு சொல்லி பட்டினி போடவே கூடாது. குண்டுப் பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடலைன்னா உடம்புக் கொழுப்பு மொத்தமும் கல்லீரலில் போய்க் குவிஞ்சு உயிருக்கே ஆபத்தாகும். வாரத்துக்கு எடையில் ஒரு சதவீதம் குறைஞ்சா போதும். கேப்டன் கணக்கில் அது 60 கிராம். நீங்க பூனையைத் தூக்கிக்கிட்டு மிஷினில் ஏறி, அப்புறம் நீங்க மட்டும் ஏறிக் கழிச்சா தோராயமா வந்துடும். நாங்க ஞாயித்துக்கிழமை தோறும் காலண்டரில் எழுதினோம். ரெண்டு மாசம் ஒண்ணுமே நகரலை. கடுப்பாயிடுச்சு. அப்புறம்தான் தெரிஞ்சது, மதியம் எல்லாரும் வெளியே போனதும் ஆயா பால் ஊத்தியிருக்காங்க. "பசிக்குதுன்னு கண்ணால சொல்லுதுடா"ன்னாங்க. சண்டை போடலை. பாலுக்குப் பதில் மீன் தண்ணி ஊத்துற டிபார்ட்மென்ட்டை ஆயாகிட்டயே கொடுத்துட்டோம்.

இன்னொரு வேலை உங்களுடையது. லிட்டர் ட்ரே. தெருவில் போய்ட்டு வருகிற பூனைக்கு எவ்வளவு போகுது, நிறம் என்னன்னு யாருக்கும் தெரியாது. வீட்டுக்குள் மண் தட்டு இருந்தா தினம் கட்டியை எண்ணலாம். கட்டி பெருசா, ரெண்டு மூணு இருந்தா சரி. சின்னச் சின்னதா எட்டு பத்து இருந்தா உஷார். ஒரு பூனைக்கு ரெண்டு தட்டு வைக்கணும்னு புத்தகம் சொல்லும். நம்ம பத்துக்குப் பத்து வீட்டில் ஒண்ணு வைக்கிறதே சாதனை. ஒண்ணுன்னா தினம் ரெண்டு தடவை சுத்தம் பண்ணிடுங்க.

அவசரத்துக்கு எங்கே போறதுன்னு இன்னிக்கே விசாரிச்சு வைங்க. வேப்பேரியில் 1903இல் தொடங்கின சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை நம்ம பக்கத்திலிருந்து தூரமில்லை. கால்நடைப் பல்கலைக்கழகத்தின் தலைமையகமே மாதவரம் பால்பண்ணையில்தான். உங்க ஏரியாவில் ராத்திரி எந்த டாக்டர் போன் எடுப்பார், எங்கே கதீட்டர் போடுவாங்கன்னு கேட்டு, நம்பரை 'பூனை எமர்ஜென்ஸி'ன்னு சேவ் பண்ணிடுங்க. நடுராத்திரி பூனையை மடியில் வெச்சுக்கிட்டு நம்பர் தேடுறது கொடுமை. கூடவே ஒரு மூடியுள்ள கூடை வேணும். நாங்க கேப்டனைக் காய்கறிப் பையில் எடுத்துட்டுப் போய், ஆட்டோவுக்குள் அவன் எகிறினதில் என் கையில் போட்ட கீறல் இன்னும் இருக்கு.

போன ஞாயிறு காலண்டரில் எழுதினது 5 கிலோ 100. எட்டு மாசமாச்சு. கல் இல்லை, அடைப்பு திரும்பலை. இப்பவும் அம்மா மார்க்கெட்டிலிருந்து வந்ததும் சமையல்கட்டு வாசலில் முதல் ஆளா நிக்கிறான். ரெண்டு காரப்பொடி தனிச் சட்டியில் வேகுது. உப்பில்லாம, தண்ணி நிறைய. ஆயா காவல்.